நின்றுபோன தண்ணீர் லாரி

எங்கள் ஊர்ப் பெண் யோகப்பிரியா பாலக்காட்டில் பொதுக்கொள்கை ஆய்வு படிக்கிறாள். அதென்ன படிப்போ! பயிற்சிக்காக எங்கள் தெருவில் தண்ணீர்க் கணக்கெடுத்தாள். இருபது வீட்டுப் போரிலும் தண்ணீர் வருகிறதென்று அவள் பஞ்சாயத்தில் எழுதிக்கொடுக்க, தண்ணீர் லாரி நின்றுவிட்டது.

எதிர்வீட்டுச் சரஸ்வதியம்மாள் காலிக் குடத்தோடு வந்து கத்தினாள். "ஏம்புள்ள, என்ற ஊட்டுப் போரு வத்தி ஆறு மாசமாச்சு! ஆரைக் கேட்டு எழுதுன?"

எனக்கே புதுச்செய்தி. "எங்கிட்டக்கூடச் சொல்லலியேக்கா?"

"உங்கிட்டச் சொன்னா ஊருக்கே தெரியும். என்ற புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கறமில்ல? தண்ணியில்லாத ஊடுன்னா ஆரு வருவா?"

யோகப்பிரியா என் பக்கம் திரும்பவே இல்லை. "தப்பு என்னுதுதானுங்க. ஊடு ஊடாப் போய்க் கேட்டிருக்கோணும்."

கணக்கெடுக்க வந்த அன்று அவள் வீடு வீடாகப் போகத்தான் கிளம்பினாள். "வெயில்ல எதுக்குக் கண்ணு அலையற? எனக்குத் தெரியாததா?" என்று உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, இருபது வீட்டுக்கும் பதில் சொன்னது நான்தான்.