கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பந்து

அமெரிக்காவில் ஒரு கால்பந்து கிளப் இருந்தது. பக்கத்து ஊரிலேயே அதை யாருக்கும் தெரியாது. ஆனாலும் உலகப் பிராண்டாகியே தீருவது என்று முடிவு கட்டிவிட்டது. வெளிநாட்டிலிருந்து பேர்போன ஆட்டக்காரர் ஒருவரை அழைத்துவந்து, இருந்த பந்துகளில் எல்லாம் கையெழுத்துப் போடவைத்தார்கள். அவை டோக்கியோவுக்கும் துபாய்க்கும் பறந்தன. கடைசிப் பந்து மட்டும் மைதான வாசலில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், அவருடைய ஜெர்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

"என்னை யாராவது உதைச்சு எவ்வளவு நாளாச்சு!" என்றது பந்து.

"உதையா? உன் அந்தஸ்து என்ன, நீ பேசுற பேச்சு என்ன!" என்றது ஜெர்சி. "என்னைப் பாரு. ஒரு சொட்டு வியர்வை பட்டிருக்கா? உலகமே வந்து என்னோட செல்ஃபி எடுக்குது."

"போன வருஷமாவது நாம ஜெயிச்சோமா?"

"அதெல்லாம் உள்ளூர் விவகாரம்."

அன்று சீசனின் முதல் ஆட்டம். வாணவேடிக்கை முடிந்தது. பாட்டுக் கச்சேரி முடிந்தது. புது லோகோ பெரிய திரையில் மின்னியது. ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு நடுவட்டத்தைப் பார்த்தார். அங்கே பந்து இல்லை. கோட்டு சூட்டு போட்ட கிளப் அதிகாரிகள் மூலைக்கு மூலை ஓடினார்கள்.

"நான் இங்க இருக்கேன்!" என்று பந்து கண்ணாடியில் போய் முட்டியது.

"சும்மா இரு, கையெழுத்து அழிஞ்சிடும்!" என்று பதறியது ஜெர்சி.

மேனேஜர் மூச்சிரைக்கப் பெட்டியிடம் ஓடிவந்தார். பந்து துள்ளியது. அவர் குனிந்து, கண்ணாடியில் பட்டிருந்த கறையைக் கைக்குட்டையால் பளபளவென்று துடைத்தார். பிறகு, பந்தைத் தேடி ஓடினார்.