கூரையில் ஒட்டிய ஸ்பூன்

விண்கலத்தில் பரிமளா தினமும் சக விண்வெளி வீரர் இன்னாசியின் ஸ்பூனைக் கூரையில் ஒளித்துவைத்தாள். அங்கே ஒட்டிப் பிடித்துக்கொண்ட வெல்க்ரோ பட்டையிடம் ஸ்பூன் பொரிந்து தள்ளியது.

"என்ன விளையாட்டு இது? அந்த மனுஷன் சாப்பிட வேண்டாமா?"

"அவரோட அப்பா தவறிப்போய் பத்து நாளாச்சு. பூமிக்குத் திரும்ப இன்னும் நாலு மாசம் இருக்கு. யார்கிட்டயும் பேசறதே இல்லை. உன்னைத் தேடும்போது மட்டும்தான், 'ஏம்மா, என் ஸ்பூன் எங்க?'ன்னு வாயைத் திறக்கிறார்" என்றது பட்டை.

அதன்பின் ஸ்பூன் முணுமுணுக்கவில்லை.

ஒருநாள் இன்னாசி கூரைக்கு மிதந்துவந்தார். தன் ஸ்பூனை எடுக்காமல், பக்கத்திலேயே பரிமளாவின் ஸ்பூனையும் ஒட்டிவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்தபடி போனார்.

வந்ததும் வராததுமாகப் புது ஸ்பூன் சீறியது: "என்ன விளையாட்டு இது?"

"சும்மா இரு. அவர் நன்றி சொல்றார்" என்றது பழைய ஸ்பூன்.