பாறை வாசல்

ஒரு பவளத்தீவுக்குப் பொட்டு நண்டுதான் தலைவி. அந்தத் தீவுக்கு யார் வந்தாலும் பாறை இடுக்கில் நின்று, "வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

ஒருநாள் பெரிய சுறா ஒன்று கேட்காமலே தலையை நுழைத்தது.

"இனிமே இந்தக் கடல் என்னுது. உன் தீவை ஒரே மூச்சுல சுத்திடுவேன். நீயெல்லாம் ஒரு தலைவியா?"

பொட்டு கொடுக்கைத் தூக்கி வழியை மறித்தது.

"தாராளமா சுத்துங்க. ஆனா இந்த மணலை மட்டும் சுத்தினா செல்லாது. எங்க சனம் பன்னிரண்டு தீவுல இருக்கு. நடுவுல கிடக்கிற தண்ணியும் எங்க ஊருதான்."

சுறா சிரித்துக்கொண்டே கிளம்பியது. போன தீவிலெல்லாம் ஒரு நண்டு, பேசி வைத்ததுபோலக் கொடுக்கைத் தூக்கி, "இன்னும் முடியலைங்க, அடுத்த தீவுக்குப் போங்க" என்றது.

பத்தாம் நாள் சுறா துவண்டுபோய்த் திரும்பி வந்தது. இம்முறை இடுக்குக்கு வெளியிலேயே நின்றது.

"வரலாமா?"

பொட்டு கொடுக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டது.

"இருங்க. மத்த பதினொரு தீவையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."