வீட்டு நம்பர்

கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்ட நாளிலிருந்து மோடம் அடம்பிடித்தது. வீட்டு போன் லைனில் இணையத்துக்கு டயல் செய்யும், 'பிஸி' என்று திரையில் எழுதிவிட்டுக் கழன்றுகொள்ளும். மதியத்துக்குள் கட்டட வரைபடங்கள் போய்ச் சேராவிட்டால் வேலை கைநழுவிவிடும் என்று அவற்றை வரைந்தவளுக்குத் தெரியும். எங்கே சிக்கல் என்று காதால் கேட்க மோடத்தின் ஸ்பீக்கரையும் திறந்துவைத்தாள்.

டயல் செய்யும் கோப்பை அவள் திறந்ததும், தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த கணவன் தலையில் அடித்துக்கொண்டான். இணைய நிறுவனத்தின் நம்பர் இருக்கவேண்டிய இடத்தில், லினக்ஸ் போட்டபோது அவன் வீட்டு நம்பரையே அடித்துவைத்திருந்தான்.

"நம்ம வீட்டுக்கு நாமளே போன் போட்டா எங்கேஜ்டா இல்லாம வேற எப்படி இருக்கும்? நல்ல ஆளுங்க நீங்க!" என்று சிரித்தாள்.

அவள் நம்பரை மாற்றுவதற்குள் மோடம் தானாகவே மறுபடி டயல் செய்தது. இந்த முறை எங்கேஜ்டு சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரில் மணி போனது. மேஜைமேல் இருந்த போன் அடிக்காமல் சும்மா கிடந்தது. மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ? அவர் இல்லீங்களே. இந்த வீட்ல இப்ப நான் மட்டும்தான் இருக்கேன்."

அவளுடைய குரல்தான். அழுது ஓய்ந்த குரல்.

"யாரு அது?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டான் கணவன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.