குளிர்ச்சிப் பொடி

சிரிக்க வேண்டுமாம். இந்த வெயிலில், கையில் ஒரு மூட்டையை ஏந்திக்கொண்டு, பல் தெரிய. எப்போதும் போல இதற்கும் 'சரிண்ணே' என்று சொல்லிவிடப் போகிறேனா?

புவாபன் மழைமரத்தடியில் நின்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

சோங்க்ரான் பண்டிகை முடிந்து பத்து நாள். தாய்லாந்தின் முவாக் லெக் ஊரில் எல்லாக் கொட்டகைகளிலும் வெயிலுக்குப் பால் குறைந்துவிட்டது. ஊசி போட்ட பசுக்களுக்குச் சினை நிற்கவில்லை. புவாபனின் ஒன்பது மாடுகள் மட்டும் பாலைக் குறைக்கவில்லை. இரண்டுக்குச் சினையும் நின்றிருந்தது.

பால் கூட்டுறவுத் தலைவர் பிரச்சுவாப், பொடிக் கம்பெனிக்காரனை அழைத்து வந்தது அதனால்தான். மாட்டுக்குச் சூடு தணிக்கும் என்று கூட்டுறவு விற்ற குளிர்ச்சிப் பொடிதான் காரணம் என அவள் சொல்ல வேண்டும். மூட்டையோடு அவள் சிரிக்கும் படத்தைப் பால் நிலையத்தில் பெரிதாக மாட்டுவார்கள். பதிலுக்குக் கொட்டகைக்கு ஒரு பெரிய மின்விசிறி. அது வண்டியிலேயே வந்திருந்தது.

அதைப் பார்க்காமலிருக்க அவளால் முடியவில்லை. மதிய நேரத்தில் கிழட்டு மாடு வாயைத் திறந்து இரைக்கும்போது அவளுக்கும் சேர்த்து மூச்சு முட்டும்.

"என்ன தங்கச்சி யோசனை? பொடி மேல உனக்கிருக்கற ஆசைதான் ஊருக்கே தெரியுமே. பக்கத்து வீட்டு லமியட்டோட காலிச் சாக்கைக்கூட விடலியாம் நீ. ஒட்டியிருந்ததையும் சுரண்டிப் போட்டியா?" என்றார் பிரச்சுவாப்.

கம்பெனிக்காரன் சிரித்தான். விரல்களில் என்ன கட்டு என்று தலைவர் கேட்டார். அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

போன வாரம் லமியட்டின் பசுவுக்குக் கரு கலைந்தது. அன்றைக்கும் புவாபன் வாயைத் திறக்கவில்லை. பொடியை விற்ற மனிதருக்கு அவமானமாகிவிடுமே என்று இருந்துவிட்டாள். இனி படத்தில் அவள் சிரிப்பதைப் பார்த்து லமியட் இன்னும் பத்து மூட்டை வாங்குவாள். வாங்கிவிட்டு, கொதிக்கும் தகரத்துக்குக் கீழேயே மாட்டைக் கட்டிவைத்துக் காத்திருப்பாள்.

"மூட்டையைப் பிடிம்மா. நேரமாகுது," என்றார் தலைவர்.

அவள் கையை நீட்டவில்லை. "வேணாண்ணே. விசிறியை எடுத்துட்டுப் போயிடுங்க."

தலைவர் முகம் சுருங்கியது. கம்பெனிக்காரனைப் பார்த்தார். "சரி, நீ நிக்க வேணாம். காலிச் சாக்கைக் கொட்டகை முன்னால அடுக்கியாவது ஒரு படம் எடுத்துக்கறோம். எங்க அதெல்லாம்?"

"இருபத்தெட்டையும் பிரிச்சு, ஒரே திரையாத் தைச்சு, கொட்டகைக்கு மேற்கால தொங்க விட்டிருக்கேன். மணிக்கொரு தரம் தண்ணியடிச்சா அந்தச் சணல் வழியா காத்து சில்லுன்னு உள்ள வருது," என்றாள் புவாபன், குரலை உயர்த்தாமல். "பொடி வாழைக்கடியில கெடக்கு. ஒரு மாடும் வாய் வைக்கல. இதை எழுதி மாட்டறதா இருந்தா, வந்து நிக்கறேன்."