ஒரு சாண் வெளியே

“நெஞ்சுல விழுந்தா தாங்கிடும். தொண்டையில விழுந்தாதான் ஆஸ்பத்திரி,” என்றான் தௌஹீத், மாறனின் முதுகுப் பக்கம் பட்டையை இழுத்து முடிந்தபடி. “வர்றத நேரா பாத்து நில்லு. தலையத் திருப்புன, காதுல வாங்குவ.”

மாறன் தலையாட்டினான். முகத்தில் கம்பிக்கூண்டு, மார்பில் கிழிந்த கவசம், காலில் கிரிக்கெட் பேடு. தொண்டைக் காப்பு தொலைந்துபோனதால் பழைய ரப்பர் செருப்பை வெட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பந்து எண்ண, தௌஹீதின் வாப்பா தஸ்பீஹ் ஓதும்போது எண்ணிக்கைக்கு வைத்திருக்கும் கவுண்டர்.

காரைக்கால் பக்கத்தில் அம்பயராக நிற்கும் அளவுக்கு பேஸ்பால் விதி தெரிந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். அதனால் தலத்தெருத் திடலில் நடந்த பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு அம்பயர்களும் இவர்கள்தான். கடைசிச் சுற்று பாக்கி.

“கூட்டத்தோட பேசாத. கேப்டனத் தவிர யாருக்கும் பதில் சொல்லாத. சந்தேகம் வந்தா சத்தமா சொல்லு. முணுமுணுத்தாத்தான் சண்டைக்கு வருவானுங்க.”

“சந்தேகமே வரலன்னா?”

“அப்பறம் ஏன்டா கவுண்டர சும்மா சும்மா அமுக்குற?”

பதற்றத்தின் காரணம் எதிரே, பந்து வீசும் மேட்டில் நின்றது. அவன் தங்கை வினோதா. ஜெயிக்கிற அணி அப்படியே அடுத்த கட்டப் போட்டிக்குப் புதுச்சேரி போகும். போனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் மேல்படிப்பு. தோற்றால் நன்னிலத்து மாப்பிள்ளை.

பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வெற்றிலை பாக்கு மாற்ற நாள் பார்க்கக் கிளம்பிய அப்பா மருதையனை மாறன்தான் வாசலில் மறித்தான். தான் பாதியில் விட்ட படிப்பை அவளாவது படிக்கட்டும் என்று காலில் விழாத குறை.

“ஜெயிச்சா படிக்கட்டும். தோத்தா தையில கல்யாணம். அதுக்கு மேல எவனும் பேசக் கூடாது,” என்றார் மருதையன். வினோதா அப்போது அடுப்படியில் இருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

எதிரணிப் பயிற்சியாளர் சிவநாதன் வந்து மாறனின் தோளில் தட்டினார். “ஒன் தங்கச்சிதான் போடுதுன்னு தெரியும் தம்பி. நீ நியாயமான புள்ளன்னும் தெரியும். வேற அம்பயர் கேக்கல பாரு.”

தரையில் பதித்த வெள்ளைத் தட்டுக்கு மேலே வந்தால் ஸ்டிரைக். விலகிப் போனால் பால். மூன்று ஸ்டிரைக் ஆனால் மட்டைக்காரி அவுட். நாலு பால் ஆனால் அவள் அடிக்காமலே முதல் கட்டத்துக்கு நடக்கலாம்.

வினோதாவின் அணி ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தது. எதிரணியில் இரண்டு பேர் மளமளவென்று அவுட்டானார்கள். இன்னும் ஒருத்தி விழுந்தால் போதும்.

அங்கேதான் வினோதாவின் கை கெட்டது. மூன்று பேரை வரிசையாக நடக்கவிட்டாள். ஒவ்வொரு பந்தும் அதே இடம், தட்டுக்கு ஒரு சாண் வெளியே, அச்சில் வார்த்த மாதிரி. கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த கூட்டம் ஒவ்வொன்றுக்கும் கைகளை விரித்து “வைடு!” என்று கத்தியது.

மூன்று கட்டத்திலும் ஆள். இன்னொருத்தி நடந்தால் எல்லாரும் ஒரு கட்டம் நகர்ந்து ஒரு ரன், ஆட்டம் சமன். அதற்கடுத்தவளும் நடந்தால் கதை முடிந்தது.

அடுத்தவளுக்கும் அதே ஒரு சாண். மூன்று பந்துகளை மாறன் பால் என்றான். நாலாவதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

“ஸ்டிரைக்!” என்று அலறினான்.

“கூண்டக் கழட்டிட்டுப் பாருய்யா!” என்றது கூட்டம். மட்டைக்காரி திரும்பிப் பார்த்தாள். “கண்ணாடி வேணுமாண்ணே?”

ஐந்தாவது பந்தும் வெளியே. “ஸ்டிரைக் ரெண்டு!”

முதல் கட்டத்தருகே நின்ற தௌஹீத் தலையைக் குனிந்துகொண்டான். மேட்டிலிருந்து வினோதா மாறனையே பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது. பயந்துட்டா, பாவம் என்று நினைத்தான் மாறன்.

அடுத்த பந்து இரண்டு சாண் வெளியே போனது. பிடிப்பவள் மண்ணில் விழுந்து புரண்டு பிடித்தாள். திடல் மொத்தமும் “வைடு!” என்றது. மாறன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை ஓங்கினான்.

“ஸ்டிரைக் மூணு! அவுட்!”

தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன. மார்புக் கவசம் தாங்கியது. சிவநாதன் அடிக்கவில்லை. கிட்டே வந்து, “நீயெல்லாம் ஒரு ஆளு,” என்று காலடியில் துப்பிவிட்டுப் போனார்.

தௌஹீத் வந்து கவுண்டரைப் பிடுங்கிக்கொண்டான். “இனிமே ஒன்ன எவனும் கூப்புட மாட்டான். நானும்தான்.”

மாறன் முகக்கூண்டைக் கழற்றினான். மானம் போனது போகட்டும். தங்கை தப்பித்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு வினோதா வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“ஏன் அழுவுற? அதான் ஜெயிச்சாச்சுல்ல. அப்பா சொன்ன சொல்ல மாத்த மாட்டாரு. நன்னிலத்துப் பேச்சு இன்னையோட முடிஞ்சுது.”

அவள் கையுறையைக் கழற்றி அவன் மார்பிலேயே வீசி எறிந்தாள்.

“அவங்கள நம்ம வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வரச் சொன்னதே நான்தாண்ணே!”