கோடாலிக்கல்லின் பூர்வீகம்

ஒரே குழியில் தோண்டியெடுத்த கோடாலிக்கல்லும் சுரண்டுகல்லும் ஆராய்ச்சிக்கூடத்து மேசையில் ஒரே தட்டில் கிடந்தன. ஆதி மனுசன் ஒன்றால் மரம் வெட்டினான், மற்றதால் தோல் சுரண்டினான்.

"நான் ஏழு மலை தாண்டி வந்தவன். உன்னை மாதிரி ஓடையில பொறுக்கின கல்லு இல்ல" என்று கோடாலிக்கல் நாளுக்கு நாலு தரம் சொல்லும். சுரண்டுகல்லுக்குச் சொந்தமென்று யாருமில்லை. அதனால் அதையும் கேட்டுக்கொண்டு கிடக்கும்.

ஒருநாள் இரண்டையும் ஒரு கருவியில் வைத்தார்கள். கல்லுக்குள் என்னென்ன சத்து கலந்திருக்கிறது, எந்தப் பாறையின் பிள்ளை என்று அது புட்டுப்புட்டு வைக்கும். இரண்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது: பக்கத்து ஓடைப் பாறை.

சுரண்டுகல்லுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அண்ணே! நாம ஒரே வயித்துப் பிள்ளைங்கண்ணே!"

"யாருடா உனக்கு அண்ணன்? அந்தக் கருவி என் மேல்தோலைத்தான் பார்த்துச்சு. உன்கூடக் கிடந்து உன் அழுக்கு ஒட்டியிருக்கு. என்னை அறுத்துப் பார்க்கட்டும், தெரியும்!"

"வேணாம்ணே. இனிமே அண்ணன்னு கூப்பிடல. நீ முழுசா இருந்தாப் போதும்."

ஆராய்ச்சிக்கார அம்மாவுக்கும் மேல்தோலை மட்டும் பார்த்துச் சொன்ன பதிலில் சந்தேகம் இருந்தது. ரம்பத்தை வைத்துக் கோடாலிக்கல்லை நட்டநடுவில் அறுத்துவிட்டார். உள்ளேயும் அதே ஓடைப் பாறைதான்.

இப்போது தட்டில் மூன்று கல். "ரொம்ப வலிக்குதாண்ணே?" என்று சுரண்டுகல் அழுதது.

கோடாலியின் மேல்பாதி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தன் கீழ்ப்பாதியை ஏற இறங்கப் பார்த்து, "ஓடைக்கல்லு நீதானா? உன்னை ஒட்டியிருந்துதான் எனக்கு இந்தக் கெட்ட பேரு" என்றது.